வட்டு சுழலத் தொடங்கும் முதல் நொடி

வெளியிலிருந்து செருகிக்கொள்ளும் டிவிடி டிரைவ்களைப் பற்றி அடிக்கடி காதில் விழும் புலம்பல் ஒன்று உண்டு: வாங்கிய சில மாதங்களிலேயே டிஸ்க்கைப் படிக்க மறுக்கிறது, போட்ட காசு வீண். இதைச் சொல்பவர்கள் அடுத்த மூச்சில் டிரைவைச் செய்தவர்களைத் திட்டுவார்கள்; அதற்கடுத்து, இந்தக் காலத்தில் டிஸ்க்கை வைத்துக்கொண்டிருக்கும் தங்களையே நொந்துகொள்வார்கள். இந்தத் தீர்ப்பு எனக்கு நெடுநாளாக உறுத்தலாகவே இருந்தது. காரணம், அப்படிக் கழித்துக் கட்டப்பட்ட டிரைவ்களை வாங்கி என் மேசைக் கணினியில் செருகிப் பார்த்தால் அவற்றில் பல ஒரு குறையும் இல்லாமல் ஓடின. இங்கே ஓடும் பொருள் அங்கே ஏன் ஓடவில்லை என்று கேட்டால், "அந்த லேப்டாப்பே சரியில்லை" என்று பதில் வரும். அந்த லேப்டாப்பில் பென் டிரைவ், மவுஸ், வெளிப்புற ஹார்ட் டிஸ்க் எல்லாமே ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கும்.

என் நண்பர் ஒருவரிடம் உள்ள சிறிய மடிக்கணினியில்தான் இந்தச் சிக்கலை நிதானமாக உட்கார்ந்து பார்க்க வாய்த்தது. பழைய குடும்பப் படங்களும் அலுவலக ஆவணங்களும் டிவிடிகளில் கிடந்தன. அவற்றை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு முக்கியமானவற்றைப் புதிய டிவிடிகளில் மறுபடியும் எழுதி வைக்க வேண்டும் என்பது அவருடைய திட்டம். அவர் வாங்கிய டிரைவ் பாட்டு சிடிக்களைப் படித்தது; சில டிவிடிகளைப் படித்தது; சிலவற்றை உள்ளே வாங்கிக்கொண்டு விர்ரென்று சுழன்று, நின்று, மறுபடியும் சுழன்று, கடைசியில் டிஸ்க்கே இல்லை என்று சொன்னது. எழுதும் வேலையோ பாதியில் நின்றது. "சார், உள்ள சத்தம் வருது, ஆனா டிஸ்க் போடுங்கன்னு கேக்குது" என்றார். முதல் டிரைவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு நிறுவனத்தின் டிரைவை வாங்கினார். அதுவும் அப்படியே செய்தது. இரண்டு வெவ்வேறு டிரைவ்கள் ஒரே மாதிரி நோய்வாய்ப்படுகின்றன என்றால் நோய் டிரைவில் இல்லை என்பதுதான் முறையான முடிவு. அவரோ டிஸ்க்கில் கீறல் விழுந்திருக்கிறது என்ற முடிவுக்கு வந்திருந்தார்.

லேபிளும் போர்ட்டும்

டிரைவைத் திருப்பி அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படித்துப் பார்ப்பவர்கள் குறைவு. மடிக்கணினிகளுக்கென்று செய்யப்படும் மெல்லிய டிரைவ்களில் 5 வோல்ட் என்று எழுதி, பக்கத்தில் 1 ஆம்பியருக்கு மேலான ஓர் எண்ணைப் போட்டிருப்பார்கள், நண்பருடையதில் 1.5 ஆம்பியர் என்று இருந்தது. இனி போர்ட்டைப் பார்ப்போம். யூஎஸ்பி 2.0 விதிப்படி ஒரு போர்ட் ஒரு சாதனத்துக்குத் தரக் கடமைப்பட்டது 500 மில்லி ஆம்பியர், யூஎஸ்பி 3.0 போர்ட்டில் அது 900 மில்லி ஆம்பியர். சாதனமும் கணினியும் பேசி முடிப்பதற்கு முன்பு இதுகூடக் கிடையாது: 2.0 போர்ட்டில் 100 மில்லி ஆம்பியர், 3.0 போர்ட்டில் 150. ஒன்றரை ஆம்பியர் கேட்கும் பொருளை அரை ஆம்பியர் தரும் துளையில் ஒற்றைக் கேபிளோடு செருகச் சொல்லி விற்கிறார்கள் என்றால், இந்தக் கணக்கு எங்கே நேராகிறது என்பதுதான் என்னைக் குடைந்த கேள்வி.

விடையின் ஒரு பாதி, லேபிளில் உள்ள எண் உச்சத்தைக் குறிப்பது. டிரைவ் நாள் முழுக்க அவ்வளவு இழுப்பதில்லை. மறு பாதி, பல மேசைக் கணினிகளில் 500 மில்லி ஆம்பியர் என்பது குறைந்தபட்ச வாக்குறுதி மட்டுமே. அங்கே சில போர்ட்டுகளைச் சேர்த்து ஒரே பாதுகாப்பு ஃபியூஸின் கீழ் வைத்திருப்பார்கள். பக்கத்துப் போர்ட் சும்மா இருந்தால் அதன் பங்கையும் சேர்த்து ஒரு சாதனம் இழுத்துக்கொள்ளலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். இந்தத் தாராளத்தை நம்பித்தான் டிரைவ்களும் கணினியிடம் தங்களுக்கு 500 மில்லி ஆம்பியர் போதும் என்று அடக்கமாக அறிவித்துக்கொள்கின்றன. விண்டோஸின் டிவைஸ் மேனேஜரிலோ, இணைத்த சாதனங்களைப் பட்டியலிடும் லினக்ஸின் எல்எஸ்யூஎஸ்பி (lsusb -v) கட்டளையிலோ தெரிவது இந்த அறிவிப்புத்தான். உண்மையில் எவ்வளவு இழுக்கப்படுகிறது என்பது அங்கே தெரியாது. சிறிய மடிக்கணினியில் இந்தத் தாராளம் எப்போதும் இருக்கும் என்று நம்ப முடியாது. மின்கலனையும் வெப்பத்தையும் கணக்கிட்டுச் செய்த கருவி அது. ஒவ்வொரு போர்ட்டுக்கும் மின்னோட்டத்தை அளவிட்டு நிறுத்தும் தனிச் சில்லு இருந்தால் எல்லையைத் தாண்டியதும் கறாராக நிறுத்திவிடும்.

அந்த எல்லையை டிரைவ் எப்போது தாண்டுகிறது என்பதை ஒரு சிறிய கணக்கே காட்டிவிடும். 12 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டு ஏறத்தாழ 16 கிராம் எடை. மெல்லிய டிரைவ் ஒன்று சிடியை அடிப்படை வேகத்தைப் போல 24 மடங்கு வேகத்திலோ டிவிடியை 8 மடங்கு வேகத்திலோ ஓட்டும்போது வட்டு நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 4,600 முதல் 4,800 சுற்றுகள் சுற்றுகிறது. அசையாமல் கிடக்கும் வட்டை அந்த வேகத்துக்குக் கொண்டுவர மூன்றரை ஜூல் அளவில் ஆற்றல் வேண்டும். கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் அதை இரண்டு நொடிக்குள் கொடுக்க வேண்டும் என்றால் வட்டுக்கு மட்டுமே ஏறத்தாழ 1.8 வாட். நின்றுகொண்டிருக்கும் மோட்டார் தொடக்கத்தில் உள்வாங்குவதில் பெரும்பகுதியைச் சுருளின் வெப்பமாகவே செலவழிக்கும் என்பதால் இதை இரட்டிப்பாக்கிக்கொள்ளலாம். லேசர், லென்ஸை நகர்த்தும் சுருள்கள், யூஎஸ்பி பாலமாக இருக்கும் சில்லு ஆகியவற்றின் செலவையும் சேர்த்தால் ஒரு நொடி இரண்டு நொடிக்கு 1 ஆம்பியர் தாண்டிவிடும். வட்டு வேகம் பிடித்த பிறகு தேவை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். போர்ட் தரும் 500 மில்லி ஆம்பியர் என்பதோ வெறும் 2.5 வாட்.

அளவுமானி காட்டியது

யூஎஸ்பி போர்ட்டுக்கும் கேபிளுக்கும் நடுவே செருகும் கட்டைவிரல் அளவு அளவுமானிகள் கிடைக்கின்றன. வோல்ட்டையும் ஆம்பியரையும் சிறு திரையில் காட்டும். நண்பரின் மடிக்கணினியிலிருந்து வந்த நீட்டிப்புக் கேபிளின் முனையில் அதைச் செருகி, மறுபக்கம் டிரைவை இணைத்து, அவர் கீறல் விழுந்தது என்று ஒதுக்கி வைத்திருந்த டிவிடியைத் தட்டில் வைத்து உள்ளே தள்ளினோம். தட்டு மூடியதும் ஆம்பியர் எண் சட்டென்று ஏறியது, 0.9ஐத் தொட்டது, அங்கேயே வோல்ட் எண் 5க்குப் பக்கத்திலிருந்து 4.6க்கும் கீழே விழுந்தது. உடனே இரண்டும் சரிந்தன. மோட்டாரின் ஒலி தேய்ந்து நின்றது. சற்றுப் பொறுத்து டிரைவ் தானாகவே மறுபடியும் முயன்றது, மறுபடியும் அதே இடத்தில் சறுக்கியது. இவ்வகை அளவுமானிகள் நொடிக்குச் சில முறை மட்டுமே அளவெடுப்பவை. உண்மையான உச்சம் திரையில் காட்டியதைவிட அதிகமாகவே இருந்திருக்கும். திரையைப் பார்த்துக்கொண்டே இருந்த நண்பர், "அப்ப டிஸ்க்கு மேல குத்தம் இல்லையா?" என்றார்.

ஆம்பியர் ஏறியதை நான் எதிர்பார்த்தேன். என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வோல்ட் விழுந்த அளவு. டிரைவோடு வந்த கேபிள் குட்டையாக இருக்கிறது என்று நண்பர் ஒரு மீட்டர் நீட்டிப்புக் கேபிளைச் சேர்த்திருந்தார். மெல்லியதாக, வளைக்க எளிதாக, பார்க்க அழகாக இருந்தது. அந்த மெலிவுதான் வினை. யூஎஸ்பி கேபிள்களில் மின்சாரம் போகும் கம்பியின் பருமனை கேஜ் எண்ணால் குறிப்பார்கள். எண் கூடக் கூடக் கம்பி மெலியும். 28 கேஜ் கம்பி ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 0.21 ஓம் தடை தரும். மின்சாரம் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் ஒரு மீட்டர் கேபிளில் அது 0.42 ஓம் ஆகிறது. 1 ஆம்பியர் ஓடும்போது 0.42 வோல்ட் கேபிளிலேயே கரைந்துவிடும். செருகுமுனைகளின் தொடர்புத் தடை தனி. 24 கேஜ் கம்பியாக இருந்தால் இதே இழப்பு 0.17 வோல்ட்டுக்குள் முடிந்திருக்கும். கம்பியின் பருமன் கேபிளின் உறையிலேயே சில சமயம் அச்சிடப்பட்டிருக்கும். ஆனால் வாங்கும் யாரும் அதைப் படிப்பதில்லை, விற்பவர்களும் அதைச் சொல்வதில்லை.

நீட்டிப்புக் கேபிளைக் கழற்றிவிட்டு டிரைவின் சொந்தக் கேபிளை நேரடியாகச் செருகியபோது அதே டிவிடி தயங்கித் தயங்கியாவது திறந்தது. பிறகு, ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரித்துத் தரும், சுவரிலிருந்து தனியாக மின்சாரம் எடுத்துக்கொள்ளும் ஹப் ஒன்றை நடுவில் வைத்தோம். அளவுமானியில் உச்சம் 1.1ஐத் தாண்டிப் போய் வந்தது, வோல்ட் 4.8க்குக் கீழே இறங்கவில்லை, கீறல் விழுந்த டிஸ்க் என்று பெயரெடுத்திருந்த டிஸ்க் முதல் கோப்பு முதல் கடைசிக் கோப்பு வரை படியெடுக்கப்பட்டது. எழுதும் வேலையும் அன்றைக்கே முடிந்தது. எழுதத் தொடங்குமுன் டிரைவ் வட்டின் உள்விளிம்பில் அதற்கென்று ஒதுக்கப்பட்ட இடத்தில் சிறிதளவு எழுதிப் பார்த்து லேசரின் திறனைச் சரிசெய்துகொள்ளும். மின்சாரம் தள்ளாடினால் இந்த இடத்திலேயே பிழைச் செய்தி வந்து நிற்கும், வாங்கியவர் புது டிஸ்க் பெட்டியையே குப்பையில் போடுவார். அதைத் தாண்டி வந்தாலும் நிம்மதியில்லை. 8 மடங்கு வேகத்தில் எழுதும் டிரைவ் உள்ளிருந்து வெளிவிளிம்புக்குப் போகப் போக வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். அதற்கேற்ப லேசரின் திறனும் கூடும். பாதியைக் கடந்த பிறகு எழுத்து நின்றுபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரட்டைவால் கேபிள்

இந்தக் குறையைத் தயாரிப்பாளர்கள் அறியாதவர்கள் இல்லை. ஒரு முனை டிரைவுக்கும் மறுமுனையில் இரண்டு யூஎஸ்பி செருகிகளுமாகப் பிரியும் ஒய் வடிவக் கேபிளைப் பலர் பெட்டிக்குள் போட்டுத் தருகிறார்கள்: ஒன்றில் தரவும் மின்சாரமும், மற்றொன்றில் மின்சாரம் மட்டும். இரண்டு போர்ட்டுகளின் வலிமையைச் சேர்த்துக்கொள்ளும் இந்தத் தந்திரம் பெரும்பாலும் பலிக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் எனக்கு இது பிடிப்பதில்லை. யூஎஸ்பி விதிகளை வகுத்த அமைப்பே இத்தகைய கேபிளைச் சாதனங்களோடு பயன்படுத்துவதைத் தடை செய்திருக்கிறது, காரணமும் நியாயமானது. இரண்டாவது செருகியை லேப்டாப்பில் செருகாமல் சார்ஜரிலோ பவர் பேங்கிலோ செருகினால், இரண்டு வெவ்வேறு மின்மூலங்கள் ஒரே கம்பியில் சந்திக்கின்றன. சற்றே கூடுதல் வோல்ட் உள்ள மூலம் மற்றதற்குள் மின்சாரத்தைத் தள்ளப் பார்க்கும். பவர் பேங்க்கில் வேறொரு தொல்லையும் உண்டு. வட்டு ஓய்வெடுத்து மின்னோட்டம் மிகக் குறைந்தால், போன் சார்ஜ் ஆகி முடிந்துவிட்டது என்று எண்ணிப் பல பவர் பேங்க்குகள் தாமாக அணைந்துவிடும். அடுத்த முறை வட்டு சுழல முயலும்போது துணைக்கு ஆளிருக்காது.

சிறிய மடிக்கணினியில் இதைவிட அற்பமான ஒரு தடை முன்னே வந்து நிற்கும்: இரண்டு போர்ட்டுகளும் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கும், கேபிளின் இரண்டாவது வால் அந்த அகலத்துக்கு எட்டாது. எட்டினாலும் மவுஸுக்கு இடமில்லை.

பெரும்பாலான மடிக்கணினிகளில் டிரைவ் உள்ளேயே இருந்த காலத்தில் இந்தப் பேச்சுக்கு அவ்வளவாக இடமில்லை. 2007இல் ஏசுஸின் ஈ பிசி, 2008இல் ஆப்பிளின் மேக்புக் ஏர் என்று டிரைவ் இல்லாத கணினிகள் பரவலாக வரத் தொடங்கியபோது இரு தரப்பும் இதை இரு விதமாகக் கையாண்டன. ஈ பிசி போன்றவை எந்த டிரைவையாவது செருகிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டன. ஆப்பிள் தன்னுடைய வெளிப்புற சூப்பர்டிரைவை ஒற்றைக் கேபிளோடு விற்றது. அதற்கு வேண்டிய கூடுதல் மின்னோட்டத்தைத் தரும் ஏற்பாடு குறிப்பிட்ட மேக்குகளின் போர்ட்டில் இருந்தது. வேறு கணினியில் செருகினால் அந்த டிரைவ் வாளாவிருக்கும். வாடிக்கையாளரைக் கட்டிப்போடும் தந்திரம் என்று அப்போது பலர் ஏசினார்கள். ஏச்சில் நியாயம் இருந்தாலும், டிரைவுக்கு எவ்வளவு வேண்டும் என்பதை மறைக்காமல் போர்ட்டையே அதற்கேற்ப அமைத்தது நேர்மையான பொறியியல் என்றே எனக்குத் தோன்றுகிறது.

எதைப் பார்த்து வாங்குவது

ஆகவே டிரைவைத் தேர்ந்தெடுக்கும் வேலை லேப்டாப்பின் போர்ட்டிலிருந்து தொடங்க வேண்டும். டைப்-சி போர்ட் மட்டும் உள்ள கணினி என்றால் ஒரு நல்ல செய்தி உண்டு: அந்தப் போர்ட் 5 வோல்ட்டில் 1.5 ஆம்பியரோ 3 ஆம்பியரோ தரக்கூடும். தரக்கூடும் என்றுதான் விதி சொல்கிறது, தந்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. வெறும் 500 அல்லது 900 மில்லி ஆம்பியரோடு நிற்கும் டைப்-சி போர்ட்டுகளும் உண்டு. கணினியின் கையேட்டில் அந்த ஒரு வரியைத் தேடிப் படிப்பது டிரைவின் விளம்பரத்தைப் படிப்பதைவிடப் பயனுள்ளது. பழைய வகைப் போர்ட்டுகளில் நீல நிறத்தில் உள்ள 3.0 போர்ட்டைத் தேர்ந்தெடுப்பது பொதுவாக நல்லது, டிரைவ் 2.0 வேகத்திலேயே பேசினாலும் அந்தப் போர்ட்டின் மின்வழி 900 மில்லி ஆம்பியருக்கென்று அமைக்கப்பட்டது.

டிரைவின் பெட்டியில் யூஎஸ்பி 3.0 என்று பெரிதாக எழுதியிருப்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். டிவிடியின் ஒரு மடங்கு வேகம் நொடிக்கு 1.385 மெகாபைட், 8 மடங்கு என்றால் 11 மெகாபைட். நொடிக்கு 480 மெகாபிட் செல்லும் பழைய யூஎஸ்பி 2.0 வழி இதற்குத் தாராளமாகவே போதும். வாயில் வட்டை விழுங்கிக்கொள்ளும் வகை டிரைவ்கள் பார்க்க நளினமாக இருக்கும். 8 சென்டிமீட்டர் சிறு வட்டை அதில் போட்டால் மாட்டிக்கொள்ளும், லென்ஸில் தூசி படிந்தால் துடைக்கவும் வழியில்லை. தட்டு வெளியே வரும் சாதாரண வகையில் லென்ஸ் அந்தத் தட்டிலேயே இருக்கும், ஊசித்துளையில் கம்பியை விட்டு அவசரத்துக்குத் திறக்கவும் முடியும். நான் அதையே வாங்குவேன்.

கேபிள் உடலோடு சேர்ந்தே வரும் டிரைவ்களைப் பற்றி எனக்கு இரு மனம். அடியில் மடித்து வைத்துக்கொள்ளும் அந்தக் குட்டைக் கேபிள் நீளம் குறைவாக இருப்பதாலேயே வோல்ட்டை அதிகம் விழுங்காது. ஆனால் மடிக்கிற இடத்தில் நாளடைவில் உள்கம்பி ஒடியும், ஒடிந்தால் டிரைவைப் பிரித்தாக வேண்டும். கழற்றி மாட்டும் கேபிள் உள்ளதை வாங்கி, அரை மீட்டருக்குள் தடித்த கேபிள் ஒன்றை அதற்கென்றே வைத்துக்கொள்வது மேல்.

ஹப் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் பிடிவாதம் காட்ட வேண்டும். தனி அடாப்டர் இல்லாத ஹப், லேப்டாப்பின் ஒரே போர்ட்டிலிருந்து கிடைக்கும் 500 மில்லி ஆம்பியரைத் தானும் செலவழித்துவிட்டு, கீழே உள்ள ஒவ்வொரு போர்ட்டுக்கும் 100 மில்லி ஆம்பியரே தரக் கடமைப்பட்டது. அதில் டிவிடி டிரைவைச் செருகுவது பட்டினி போடுவதற்குச் சமம். அடாப்டரோடு வரும் ஹப்பிலும் அடாப்டரின் எண்ணைப் பார்க்க வேண்டும். நான்கு போர்ட் உள்ள ஹப்புக்கு 5 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டர் தருகிறார்கள் என்றால் கணக்கு இடிக்கிறது. போர்ட்டுக்கு 500 மில்லி ஆம்பியர் வீதம் பார்த்தாலே 2 ஆம்பியர் வேண்டும், டிரைவுக்காக இன்னும் கொஞ்சம் மிச்சம் இருப்பது நல்லது. மேசையில் இடத்தை அடைக்கிறது, பயணத்துக்குத் தூக்கிப்போக முடியாது என்ற குறைகள் இருந்தாலும், படியெடுப்பது, எழுதுவது போன்ற வேலைகளை ஓரிடத்தில் உட்கார்ந்துதானே செய்கிறோம்.

ஹப் வாங்க முடியாத இடத்தில் செய்யக்கூடியது குறைவு. லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டுவிட்டு, போர்ட்டைத் தூங்கவைக்கும் மின்சேமிப்பு அமைப்பை அணைத்துவிட்டு, எழுதும் வேகத்தை 4 மடங்குக்கு இறக்கலாம். வேகம் குறைந்தால் எழுதும்போது வரும் இழுப்பு குறையும்; ஆனால் வட்டு முதன்முதலாக எழும் அந்த நொடியை எழுதும் மென்பொருளால் ஒன்றும் செய்ய முடியாது.

இப்போது நண்பருக்கு ப்ளூ-ரே எழுதும் டிரைவ் வாங்கும் ஆசை வந்திருக்கிறது. ஒரே வட்டில் 25 கிகாபைட் போகும் என்பதால் டிவிடிக் குவியலைக் குறைத்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறார். அதன் வெளிப்புற டிரைவ்கள் மின்சாரத்துக்கு இன்னும் பெரிய பசிக்காரர்கள். 6 மடங்கு வேகத்தில் நொடிக்கு 27 மெகாபைட் ஓடும் என்பதால் யூஎஸ்பி 3.0 என்ற எழுத்துக்கு இங்கேதான் ஓரளவாவது பொருள் வருகிறது. தனி அடாப்டரைச் செருகும் வட்டமான டிசி துளை உள்ள டிரைவாகப் பார்த்து வாங்கும்படி அவரிடம் சொல்லியிருக்கிறேன். துளை இருந்தும் அடாப்டர் பெட்டியில் வராவிட்டால், டிரைவில் அச்சிட்டிருக்கும் வோல்ட் எண்ணும் நடுமுனை நேர்முனையா எதிர்முனையா என்று காட்டும் சிறு வட்டக் குறியும் அடாப்டரில் உள்ளதோடு பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகே செருக வேண்டும் என்றும், ஆம்பியர் எண் மட்டும் டிரைவ் கேட்பதைவிடக் கூடுதலாக இருந்தால் கெடுதல் இல்லை என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.